பிரீமியம் கட்டிய நாளின் விலை

வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் நாற்றம் தனி. சாக்கடை, டீசல், ஊறிப்போன சீட் பஞ்சு எல்லாம் கலந்த நாற்றம். 2015 டிசம்பரில் எனக்கு அது உடம்பிலேயே ஒட்டிக்கொண்டது. டிசம்பர் 1, 2 மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடுத்த வாரத்திலிருந்து கிண்டி, அம்பத்தூர், பெருங்குடி ஒர்க்‌ஷாப்களில் கார்கள் வரிசை வரிசையாக வந்து நின்றன. நான் மோட்டார் சர்வேயர். விபத்திலோ வெள்ளத்திலோ சேதமான வண்டியைப் பார்த்து, இன்சூரன்ஸ் நிறுவனம் எவ்வளவு தர வேண்டும் என்று மதிப்பிட்டு அறிக்கை கொடுப்பது என் தொழில்.

அந்தச் சில வாரங்களில் பார்த்த வண்டிகளில் ஒன்றை மட்டும் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முடிச்சூரில் இருந்து வந்த ஒரு வெள்ளைக் கார். உரிமையாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வூதியப் பணத்தில் 2013 ஜனவரியில் வாங்கிய முதல் கார். மூன்று வருடம்கூட ஆகவில்லை.

தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை வண்டியே காட்டிவிடும். உள்பக்கக் கதவுத் துணியில் ஒரு பழுப்புக் கோடு இருக்கும். கோடு மிதியடி மட்டத்தில் நின்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சீட் வரை வந்தால் ஒயரிங்கும் எலெக்ட்ரானிக் யூனிட்டுகளும் போயிருக்கும். டேஷ்போர்டைத் தாண்டினால் ஒர்க்‌ஷாப்காரர் எஸ்டிமேட் போடும்போதே தலையை ஆட்டுவார். இந்தக் காரில் கோடு டேஷ்போர்டுக்கு மேலே இருந்தது. மேலே ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையார் சிலையின் கழுத்துவரை சேறு காய்ந்திருந்தது.

எஸ்டிமேட் 5,10,000 ரூபாய். பாலிசியில் எழுதியிருந்த ஐ.டி.வி. 3,99,000.

இந்த ஐ.டி.வி. என்ற மூன்றெழுத்துதான் எல்லாச் சண்டைக்கும் மூலம். வண்டியின் அன்றைய ஷோரூம் விலையில், வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்து, பாலிசி தொடங்கும்போது எழுதப்படும் தொகை அது. ஆறு மாதத்துக்குள் என்றால் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. அதற்கு மேல் வயதான வண்டிக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வார்கள். இவருடைய காருக்கு அந்த வருடப் பாலிசியில் 30 சதவீதம் கழித்திருந்தார்கள். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கொள்ள வேண்டும். அதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் டோட்டல் லாஸ் என்கிறார்கள்.

‘எஸ்டிமேட்டே அஞ்சு லட்சம், அப்புறம் என்ன பேச்சு’ என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கணக்கு அப்படிப் போகாது. ‘பாலிசி விதிகளுக்கு உட்பட்டு’ ஆகும் செலவைத்தான் 75 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் என்றால் விலையில் பாதி தேய்மானமாகப் போகும். அந்த வயது வண்டியின் உலோகப் பாகங்களில் 15 சதவீதம் போகும். எல்லாம் கழித்து நான் போட்ட கணக்கு 3,40,000. முக்கால் பங்கு என்பது 2,99,250. வண்டி முழு இழப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிறுவனத்தின் கிளைம் மேலாளருக்கு இருந்தது. இன்ஜினை நான் சேர்த்திருக்கக் கூடாது என்றார். தண்ணீரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்வதால் இன்ஜின் போனால் அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் அல்ல, ஓட்டியவரின் செயலால் வந்த பின்விளைவு. இன்ஜினுக்கெனத் தனியாக ஆட்-ஆன் என்ற கூடுதல் காப்பீடு எடுக்காதவருக்கு அதைத் தர வேண்டியதில்லை என்பது வாதம். இன்ஜினை எடுத்துவிட்டால் என் கணக்கு 2,20,000 ஆகும். அப்போது வண்டி முழு இழப்பு ஆகாது. ரிப்பேர் செய்யச் சொல்லிவிடலாம். மீதி மூன்று லட்சத்துக்குக் கிட்டத்தட்ட அந்தத் தலைமையாசிரியர் தன் கையிலிருந்து போட வேண்டும்.

அந்த வாதம் சில வண்டிகளுக்குப் பொருந்தும். நானே எத்தனையோ அறிக்கையில் அப்படி எழுதியிருக்கிறேன். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால், பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் மோதும். காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. நடுவில் இருக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஆனால் இந்தக் கார் வீட்டு வாசலிலேயே நின்றபடி மூழ்கியது. ‘மொட்டை மாடில ரெண்டு நாள் இருந்தோம் சார். வண்டிய எங்க போய் ஸ்டார்ட் பண்றது?’ என்றார் அவர். அவர் சொன்னார் என்பதற்காக நான் எழுத முடியாது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றச் சொன்னேன். பிஸ்டன் ஒவ்வொன்றும் உச்சிக்கு வரும்போது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு. ராட் எதுவும் வளையவில்லை. உள்ளே இருந்தது சேறும் துருவும்தான். நின்ற வண்டிக்குள் வெள்ளம் புகுந்து தங்கி அரித்த சேதம். பாலிசியின் முதல் பிரிவிலேயே வெள்ளம் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கும் ஆபத்து அது. அளவுகளையும் போட்டோக்களையும் இணைத்து அறிக்கை கொடுத்தேன்.

மேலாளர் போனில் கூப்பிட்டார். ‘இன்ஜின் விஷயத்தைக் கொஞ்சம் ரிவைஸ் பண்ணிக் குடுங்க சார். எத்தனை வண்டி நிக்குதுன்னு பாக்கறீங்கல்ல.’ குரலில் மிரட்டல் இல்லை. களைப்புதான் இருந்தது. அவர் மேஜையிலும் அந்த மாதம் கோப்புகள் மலையாகக் குவிந்திருக்கும். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தில் என் தொழிலின் முழுச் சிக்கலும் இருக்கிறது. எனக்கு ஃபீஸ் தருவது நிறுவனம். அடுத்த வண்டியை எனக்குத் தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் அதே மேலாளர்தான். ஆனால் 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யு.எம். பிரிவு, பெரிய இழப்பை லைசென்ஸ் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும் என்று சொல்வது நிறுவனத்துக்கு ஒரு கையாள் வேண்டும் என்பதற்காக இல்லை. ராட் வளைந்ததாக என்னால் எழுத முடியாது என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அந்தத் தைரியம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று சொன்னால் பொய். தொழிலுக்கு வந்த புதிதில், மறைமலை நகர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் நின்ற லாரியின் பின்னால் மோதிய ஒரு டாக்ஸியைப் பார்க்கப் போனேன். ஓட்டுநர்தான் உரிமையாளர். ஐ.டி.வி. 2,40,000. நிறுவனம் ‘இன்றைய மார்க்கெட் விலை’ என்று சொல்லி 1,75,000 தருவதாகச் சொன்னது. அவர் என்னைத்தான் கேட்டார். ‘கிடைக்கிறத வாங்கிக்கோங்கண்ணே, கேஸு போட்டா வருஷக்கணக்கா இழுக்கும்’ என்றேன். ‘நீங்க சொன்னா சரிதான் சார்’ என்று சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். முழுப் பணமும் கடன் கொடுத்த ஃபைனான்ஸுக்குப் போனது, அதற்கு மேலும் பாக்கி இருந்தது. வண்டி இல்லாமல் தவணை கட்டினார். அவர் கேட்ட நேரத்தில் பாலிசியின் விதிகளை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நம்புகிறேன்.

அந்த விதி இதுதான்: பாலிசிக் காலம் முழுவதும் ஐ.டி.வி.யே வண்டியின் சந்தை மதிப்பாகக் கொள்ளப்படும். முழு இழப்புக்கு அதிலிருந்து மேற்கொண்டு தேய்மானம் கழிக்கப்படாது. பொடி எழுத்தில், யாரும் புரட்டாத பக்கத்தில் இருக்கும். வண்டி போன பிறகு பழைய கார் வியாபாரியிடம் விலை கேட்டு அதைப் பேரம் பேசுவதற்கு அந்த விதியில் இடமே இல்லை. விலை பேசி முடிந்தது பிரீமியம் கட்டிய அன்றைக்கு. 2008-இல் தர்மேந்திர கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மதிப்பை ஏற்றுக்கொண்டு பிரீமியம் வாங்கிய நிறுவனம் பணம் தரும் நேரத்தில் அதே மதிப்பை மறுப்பதைக் கடுமையாகக் கண்டித்தது. அடுத்த வருடம் பிரதீப் குமார் வழக்கில், சர்வேயர் அறிக்கை இறுதி வார்த்தை அல்ல, அது நிறுவனத்தையும் கட்டுப்படுத்தாது, வண்டிக்காரரையும் கட்டுப்படுத்தாது என்றது. இரண்டாவது தீர்ப்பை முதலில் படித்தபோது என் தொழிலையே சிறுமைப்படுத்தியதுபோல வருத்தமாக இருந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை. என்னிடம் தவறு இருந்தால் அதைத் திருத்த ஒரு வழி வேண்டும்.

இதே விதி வண்டிக்காரருக்கு எதிராகவும் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது ஐ.டி.வி.யைக் குறைத்தால் பிரீமியம் சில நூறு ரூபாய் குறையும். சிலர் குறைத்துவிடுகிறார்கள். வண்டி போன பிறகு, ‘மார்க்கெட்ல நாலு லட்சம் போகுமே சார்’ என்று என்னிடம் கலங்குவார்கள். அவர்களுக்காக நான் செய்ய ஒன்றும் இல்லை.

தலைமையாசிரியருக்கு நிறுவனம் இரண்டு வழி சொன்னது. 2,20,000 வாங்கிக்கொண்டு ரிப்பேர் செய்யலாம். அல்லது 3,10,000-க்குச் சம்மதக் கடிதம் கொடுத்தால் பத்து நாளில் பணம். அவர் தெருவில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் சேறு, ஃபிரிட்ஜ் போயிற்று, பீரோ போயிற்று. அந்த நிலையில் பத்து நாளில் வரும் மூன்று லட்சத்தை வேண்டாம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

அவர் கையெழுத்துப் போடாமல் என்னைத் தேடி வந்தார். ‘என் வண்டியப் பத்தி நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு நான் தெரிஞ்சுக்கலாமா சார்?’ தெரிந்துகொள்ளலாம் என்பது விதி; கேட்டால் நகல் தர வேண்டும். ஆனால் கேட்பவர்கள் மிகச் சிலரே. எழுத்தில் கேட்கச் சொன்னேன். அங்கேயே ஒரு தாளில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். நகலைக் கொடுத்து, அவருடைய பாலிசியை வாங்கி, ஐ.டி.வி.யே சந்தை மதிப்பு என்ற வரியில் பென்சிலால் கோடிட்டேன். அவருக்காகக் கடிதம் எழுதுவது என் வேலை இல்லை. அந்த வரியைக் காட்டுவதில் தப்பில்லை என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் எழுதிய கடிதம் ஒரே பக்கம். கோபம் இல்லை, வெள்ளத்தில் பட்ட கஷ்டம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. சர்வேயர் அறிக்கைப்படி சேதம் 3,40,000, அது ஐ.டி.வி.யில் 75 சதவீதத்துக்கு மேல். இன்ஜின் இயக்கப்படவில்லை என்பதற்கு அளவுகள் அறிக்கையில் உள்ளன. ஐ.டி.வி.யே சந்தை மதிப்பு என்று உங்கள் பாலிசியே சொல்கிறது. 3,10,000 எந்த விதியின்படி வந்தது என்று எழுத்தில் தெரிவிக்கவும். அவ்வளவுதான். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார். ‘இவ்வளவு தரோம், அவ்வளவு தரோம்’ என்று போனில் பேசியவர்கள் எவரும் எழுத்தில் பதில் தரவில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலும் அப்படித்தான். விதி இருந்தால் காகிதத்தில் வரும், இல்லாவிட்டால் போனில் வரும்.

ஒரு மாதம் காத்திருந்தார். அதன் பிறகுதான் ஆம்புட்ஸ்மன் எனப்படும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போக முடியும். சென்னையில் அந்த அலுவலகம் தேனாம்பேட்டையில் இருந்தது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. இப்போது 50 லட்சம் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்ட அண்டை வீட்டுக்காரர்களுக்கும் வழி மூடிவிடவில்லை. பணம் பெற்றுக்கொண்டதாக எழுதித் தரும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அதே 2015 செப்டம்பரில், வெள்ளத்துக்கு முன்பே, நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அதை அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. தலைமையாசிரியர் சொன்னார். இரண்டு பேர் அவரோடு போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விசாரணைத் தேதி வருவதற்கு முன்பே நிறுவனத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. 3,99,000-இல், ஒவ்வொரு கிளைமிலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு ஆயிரம் போக 3,98,000. சம்மதக் கடிதத்தில் இருந்ததைவிட 88,000 அதிகம். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்கு மறைமலை நகர் ஞாபகம்தான் வந்தது. அந்த ஓட்டுநரின் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை.

வண்டியைச் சால்வேஜ் வாங்குபவரிடம், அதாவது சேதமான வண்டிகளை வாங்கும் வியாபாரியிடம், ஒப்படைத்த அன்று நானும் ஒர்க்‌ஷாப்பில் வேறு வேலையாக இருந்தேன். தலைமையாசிரியர் டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்து, குழாயடியில் கழுவி, வேட்டி நுனியில் துடைத்துப் பையில் வைத்தார். ஏஜென்ட் பையன் வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30 இரண்டையும் நீட்டினான். எல்லாக் கட்டமும் காலி. ‘கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்தத நாங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஃபில் பண்ணிக்கறோம்.’ அப்படிப் போட்ட கையெழுத்தால், விற்றுப் பல வருடம் கழித்து வேறு எவரோ ஓட்டிய வண்டியின் விபத்துக்குக் கோர்ட் நோட்டீஸ் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்லலாம் என்று எழுந்தேன்.

அவர் அதற்குள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபாரத்தைப் பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

‘வாங்கறவர் பேரு, விலாசம், தேதி எல்லாம் எழுதிக் கொண்டாப்பா. நான் இங்கயே இருக்கேன்.’

ஒர்க்‌ஷாப் வாசலில் இருந்த நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.