வாசலில் நாலு பன்னு

போன வருஷம் பெரிய வியாழன். ஊரில் ராத்திரி ஒன்பது மணி, இங்கே இங்கிலாந்தில், லூட்டனில் வெயில்கூட மறையவில்லை. அம்மா வீடியோவில் வந்து மேசையைக் காட்டினாள். "பதினோரு வீட்டிலேருந்து அப்பம் வந்திருக்கு மக்களே. ஆரு இருக்கா திங்க?"

அப்பா போய் அப்போது ஐந்து மாதம். பெரிய வியாழன் ராத்திரி வீட்டில் ஜெபம் சொல்லிப் பகிர்கிற புளிக்காத அப்பம்தான் பெசகா அப்பம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் அதை அவிக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து தருவார்கள். அம்மா பிறந்தது மலங்கரை சபைக் குடும்பம், அப்பா லத்தீன் சபை. மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் வீட்டில் இரண்டு முறையும் கலந்துதான் நடக்கும். குருத்தோலை ஞாயிறன்று அப்பா கொண்டுவரும் ஓலையில் ஒரு துண்டைக் கிள்ளி, சின்னச் சிலுவையாக்கி, அம்மா வியாழக்கிழமை அப்பத்தின் நடுவில் வைப்பாள். ஜெபம் முடிந்ததும் அப்பா அதை முறித்து, மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரிசையாகக் கொடுப்பார். கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் போட்ட தேங்காய்ப்பாலில் தொட்டுத் தின்போம். பால் காய்ச்சுகிற அன்று தெருமுழுக்க மணக்கும்.

போனை வைத்த பிறகு ஒரு நினைப்பு என்னை விடவேயில்லை. எனக்கும் அப்பாதானே போனார்? என் வீடும் துக்க வீடுதானே? எனக்கு யார் அப்பம் கொண்டுவருவார்கள்? அடக்கம் முடிந்து பத்து நாளில் திரும்பி வந்து, பதினோராம் நாள் வார்டில் ராத்திரி வேலைக்கு நின்றவள் நான். இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவே இல்லை. இங்கே வந்து எட்டு வருஷம், எல்லாம் பழகிவிட்டது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வியாழக்கிழமை அப்படிச் சொல்ல வாய் வந்திருக்காது.

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் வேலை முடிந்து வந்து பார்த்தால் வாசற்படியில் ஒரு தட்டு, கட்டம் போட்ட துணியால் மூடியிருந்தது. உள்ளே நாலு பன்னு, மேலே வெள்ளைச் சிலுவை. பெரிய வெள்ளிக்கு இங்கே சுடுகிற ஹாட் கிராஸ் பன். பக்கத்து வீட்டு அம்மையார் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார், எனக்கு இன்றுவரை நாக்கு புரளவில்லை. அவருக்கு என் அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. வருஷாவருஷம் சுடுகிறவர், அந்த முறை நாலு கூடுதலாக வந்ததாம். பின்னால் கேட்டபோது அவ்வளவுதான் சொன்னார்.

நான் அந்தத் தட்டைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் வாசலில் நின்றேன் என்று தெரியவில்லை.

உடனே தின்னவில்லை. பெரிய வெள்ளி ஒருசந்தி நோன்பு. ஊரில் சிலுவைப்பாதை முடிந்து வந்து கஞ்சியும் சிறுபயறும் குடிக்கிற நாளில் வெண்ணெயும் சீனியும் சேர்ந்த பண்டமா என்று மனசு ஒப்பவில்லை. நமக்குப் பன்னு என்றால் காய்ச்சல் வந்தால் கட்டஞ்சாயாவில் முக்கித் தின்பது. சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்து ஒன்றைப் பிய்த்தேன். கருவாப்பட்டை வாசம் மூக்கில் ஏறியதும் நான் இருந்தது லூட்டனில் இல்லை. திரளி இலையில் பொதிந்து அவித்த கொழுக்கட்டையைச் சூடாகப் பிரிக்கும்போது வரும் அதே வாசம். இலையில் ஒட்டியதைச் சுரண்டித் தின்ன நானும் அண்ணனும் போட்ட சண்டை, "ஆளுக்கொண்ணு, ஒச்ச போடப்பிடாது" என்று அப்பா போட்ட அதட்டல், எல்லாம் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் நானே சுட்டு அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

கடையில் வாங்கலாம்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸ் பண்டங்களை இறக்கின கையோடு, தவக்காலம் தொடங்கும் முன்பே, இந்தப் பன்னு அடுக்குக்கு வந்துவிடுகிறது. சாக்லேட் போட்டது, சீஸ் போட்டது, இன்னும் என்னென்னவோ. ஜனவரியில் தின்றால் அது வெறும் பன்னுதானே? பெசகா அப்பத்தை ஓணத்துக்கு அவிப்போமா? முன்பு இங்கேயும் அப்படி இருந்ததில்லை. 1592-ல் லண்டன் ரொட்டிக்காரர்களுக்கு ஓர் உத்தரவு போட்டிருக்கிறார்கள்: மசாலா சேர்த்த ரொட்டியை அடக்கத்துக்கும் பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் தவிர விற்கக் கூடாது. அடக்கத்துக்கு என்று படித்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன். இங்கிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் செயின்ட் ஆல்பன்ஸ். அங்கே கதீட்ரலில் சொல்லும் மரபு இன்னும் பழையது: 1361-ல் தாமஸ் ராக்ளிஃப் என்ற துறவி பெரிய வெள்ளியன்று மடத்து வாசலில் ஏழைகளுக்கு இதைக் கொடுத்தாராம். அவர்கள் பன்னில் சிலுவையைக் கத்தியால் கீறுகிறார்கள், மாவால் வரைவதில்லை. எப்படியிருந்தாலும் இன்னொருவர் கையில் கொடுப்பதற்கென்று சுட்ட பண்டம். எனக்கு அது போதும்.

இந்த வருஷம் புதன்கிழமை ஒத்திகை பார்த்தேன். அரைக்கிலோ ரொட்டி மாவு, முந்நூறு மில்லி வெதுவெதுப்பான பால், ஐம்பது கிராம் வெண்ணெய், சீனி, ஒரு முட்டை, ஏழு கிராம் ஈஸ்ட், உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல். கிராம்பு மட்டும் கடையில் வாங்கவில்லை. அம்மா கொடுத்துவிட்ட குப்பி இருந்தது, மாறாமலைக் கிராம்பு. 2021-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம கன்னியாகுமரிக் கிராம்பு. மூடியைத் திறந்தாலே கண் கரிக்கும். ஊர்ச் சரக்கு ஆயிற்றே என்று ஒரு முழு டீஸ்பூன் பொடித்துப் போட்டேன்.

மாவு பொங்கவில்லை. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், அமுக்கி வைத்த விரல் தடம் அப்படியே கிடந்தது. குளிர் என்று நினைத்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். அப்போதும் இல்லை. ஊரில் முந்தின ராத்திரி கரைத்து வைத்தால் விடியும்போது பானையை விட்டு வழிந்திருக்கும் மாவையே பார்த்து வளர்ந்த எனக்கு அந்த மாவுருண்டையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேடிப் படித்தபிறகுதான் புரிந்தது. கிராம்பில் காரம் தருகிற யூஜினால் ஈஸ்ட்டை அடக்கிவிடும். பட்டையும் அளவு மீறினால் அதையே செய்யும். பல்வலிக்குக் கிராம்பை ஒதுக்கிக்கொள்கிறோமே, அந்த வீரியம்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு வேறு கவலை. "பெசகா நேரத்தில பொங்குன மாவா? புளிப்பு சேக்கப்பிடாதுல்லா மக்களே."

"இது அப்பம் இல்லம்மா. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க."

கொஞ்சம் யோசித்தாள். "குடுக்கதுக்குன்னா பொங்கட்டும்."

வியாழன் சாயங்காலம் முதலில் நம்ம அப்பத்தை அவித்தேன். துக்க வருஷம் கழிந்துவிட்டதே. ராத்திரி மறுபடி மாவு பிசைந்தேன். கிராம்பு இரண்டு விரலில் கிள்ளும் அளவு மட்டும். விடியும்போது மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நின்றது. பன்னிரண்டாக உருட்டி, மறுபடி பொங்கவிட்டு, மைதாவும் தண்ணீரும் கரைத்த கூழை பாலிதீன் கவரின் முனையைக் கத்தரித்துப் பிழிந்து சிலுவை போட்டேன். ஓலையில் முடைவதுபோல் வரவில்லை, ஒரு கை நீண்டும் ஒரு கை குறுகியும் இருந்தது. இருநூறு டிகிரியில் இருபது நிமிஷம். அடுப்பிலிருந்து எடுத்ததும் சீனிப்பாகு தடவினேன். பளபளவென்று வந்தது.

அவருடைய அதே தட்டில், அதே கட்டம் போட்ட துணியைத் துவைத்து மூடி, நாலு பன்னைக் கொண்டுபோனேன். அப்போதுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன், துக்க வீட்டு முறையையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு அவருடைய பாட்டி வீட்டு வழக்கம் ஒன்றைச் சொன்னார். பெரிய வெள்ளியன்று சுட்ட பன்னில் ஒன்றை நூலில் கட்டிச் சமையலறையில் தொங்கவிடுவார்களாம். அடுத்த பெரிய வெள்ளி வரை அது அங்கேயே இருக்குமாம், வீட்டுக்குக் காவல் என்று.

எங்கள் வீட்டில் குருத்தோலை, திரு இருதயப் படத்துக்குப் பின்னால் இருக்கும். அதைச் சொருகி வைப்பது அப்பா. அடுத்த சாம்பல் புதனுக்கு முன்னால் பழைய ஓலைகளைக் கோயிலில் கேட்பார்கள், எரித்துச் சாம்பலாக்க. அப்பா கடைசியாகச் சொருகின ஓலையைக் கேட்டு வந்தபோது அம்மா, "இந்த வீட்டில ஓல இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். காய்ந்து பழுத்து, படத்துக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. நேற்று வீடியோவில் காட்டினாள்.