சலிச்சுப் போறதுக்காவது ஒரு தடவை

பதினோராம் வகுப்புச் சுற்றுலாவை அந்த வருடம் மாற்றியது நான்தான். தலைமையாசிரியை மேடம், "நீங்களே முடிவு பண்ணுங்க சார், பிள்ளைங்க உங்க பேச்சத்தான் கேக்கும்" என்று விட்டுவிட்டார். வழக்கமான தீம் பார்க்கை அடித்துவிட்டு, காலையில் பாம்பன் பக்கம் குந்துகாலில் படகேறிக் குருசடைத் தீவு, பிறகு மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், சாயங்காலம் தொண்டிப் பக்கம் காரங்காடு அலையாத்திக் காடு என்று எழுதிக் கொடுத்தேன். காரணங்கள் இருந்தன. இப்போது எடுத்துப் பார்த்தாலும் அவை நல்ல காரணங்கள்தான். ஆனால் அறிவிப்பு வாசித்த அன்று வகுப்பு வாசலில் ஒரு பிள்ளை என்னிடம் சொன்ன சொல்லுக்கு, இத்தனை நாள் கழித்தும் ஒரு பதில் கிடைக்கவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தீம் பார்க் என்றாலே பிடிக்காத வாத்தியார் என்று தோன்றிவிடும். எனக்கு அது ஒரு கிறுக்காகவே இருந்தது. சென்னையில் படித்த காலத்தில் மெஸ் காசை மிச்சம் பிடித்துக் கிஷ்கிந்தாவுக்கும் எம்.ஜி.எம்.முக்கும் ஓடியிருக்கிறேன். வேலைக்கு வந்த பிறகு வருடா வருடம் பிள்ளைகளோடு. பஸ் நின்றதும் பிள்ளைகளுக்கு முன்னால் ரோலர் கோஸ்டர் வரிசையில் நிற்பது நானாகத்தான் இருக்கும். இயற்பியல் வாத்தியாருக்கு அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது? சங்கிலி இழுத்து உச்சிக்கு ஏற்றும்போது சேர்வது நிலை ஆற்றல், அங்கிருந்து விழும்போது அது இயக்க ஆற்றல். அவ்வளவுதான், பெட்டிக்கு எஞ்சினே கிடையாது. தலைகீழாகச் சுற்றிவரும் லூப் ஏன் முழு வட்டமாக இருப்பதில்லை என்று ஒரு பாடவேளை முழுக்க நடத்தியிருக்கிறேன். சரியான வட்டமாகக் கட்டினால், உச்சியில் விழாமல் தாண்டுவதற்குத் தேவையான வேகத்தில் கீழே வந்து நுழைபவர் தன் எடையைப் போல ஆறு மடங்கை உணர வேண்டியிருக்கும். கழுத்து தாங்காது. அதனால்தான் மேலே குறுகி, கீழே அகன்ற வளைவு. வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர் அந்தக் கணக்கைப் போட்டு, 1976-இல் கலிபோர்னியாவில் 'ரெவல்யூஷன்' என்ற கோஸ்டரில் ஓடவிட்டார். பிள்ளைகளுக்கு அவர் பெயர் நியூட்டனுக்கு அடுத்தபடி தெரியும்.

புளோரிடாவின் எப்காட் தீம் பார்க் வரைபடம் ஒன்றும் என் பீரோவில் ரொம்ப நாள் இருந்தது. 1982-இல் திறந்தது அது. ஒரு ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகளின் அரங்குகள்: மெக்சிகோ, நார்வே, சீனா, ஜப்பான், மொராக்கோ என்று வரிசையாக. ஒரு சுற்று நடந்தால் உலகம் பார்த்தாயிற்று. உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிறுக்கு விட்டது அபுதாபியில். மச்சான் அங்கே இருக்கிறார், விடுமுறைக்குப் போயிருந்தேன். ஃபெராரி வேர்ல்டில் ஃபார்முலா ரோசா என்ற கோஸ்டர். ஐந்து விநாடிக்குள் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். காற்றிலும் மணலிலும் கண் போய்விடும் என்பதால் ஏறுவதற்கு முன் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். எத்தனையோ வருடமாகக் காத்திருந்தது. ஏறினேன், இறங்கினேன். மறுபடி வரிசைக்குப் போகத் தோன்றவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவும் இல்லை. மறுநாள் மச்சான் அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப் போனார். சேற்றுக்கு மேலே பென்சில் நட்டு வைத்தது மாதிரி மூச்சு வேர்கள், நடுவில் துடுப்புப் படகுகள். "இதுக்கு இம்புட்டுத் தூரம் வரணுமா மாப்ள, இதே மரந்தான நம்ம காரங்காட்டுல நிக்குது" என்றார். நான் தேவிபட்டினத்துக்காரன். காரங்காடு கூப்பிடு தூரம். அதுவரை போனதில்லை.

ஊர் திரும்பியதும் போனேன். அப்புறம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று வலசைப் பறவைகள் வரும் கண்மாய்கள். ரோமானியப் பானையோடுகள் கிடைத்த அழகன்குளம். பிறகு ரயில் பிடித்து ஹம்பி, சிலிகா ஏரி. இதையெல்லாம் ஏன் முன்பே பார்க்கவில்லை என்ற ஆதங்கம் பெரிதாக இருந்தது. அந்த ஆதங்கத்தோடுதான் சுற்றுலா இடத்தை மாற்றினேன்.

அந்தப் பிள்ளைக்கு சின்னப்பாலத்துப் பக்கம். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது வாசலில் நின்றாள்.

"குருசடைக்கா சார் போறோம்?"

"ஆமாம்மா. ஏன்?"

"இல்ல சார்... அங்க போனா பாசி எடுக்குறவங்களத்தான் பாப்போம். அது எங்க அம்மாதான சார்."

நான் உற்சாகமாகத்தான் பேசினேன். உங்க அம்மா செய்யிற வேலைய உலகமே பாக்குது, உங்க சின்னப்பாலத்து லட்சுமி அம்மாவுக்கு 2015-ல அமெரிக்காவுல இருந்து, தீவுகளப் பாதுகாக்குறவங்களுக்குக் குடுக்குற சீகாலஜி விருது குடுத்தாங்களே என்றேன். "தெரியும் சார்" என்றாள். பிறகு நான் சொன்னது இது: "தீம் பார்க்குல ஒண்ணும் இல்லம்மா. நான் எத்தனையோ தடவ போயிட்டேன். கொஞ்ச நாள்ல சலிச்சுப் போயிரும்."

"சலிச்சுப் போறதுக்காவது ஒரு தடவ போகணும்ல சார்."

எதிர்த்துப் பேசவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற அதே குரல். அடுத்த வருஷம் பாக்கலாம்மா என்று சொன்னேன். "அடுத்த வருஷம் நாங்க பன்னெண்டாப்பு சார்" என்றாள். பன்னிரண்டாம் வகுப்புக்குச் சுற்றுலா இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். தீம் பார்க் போன ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒரு பகுதி ஊரிலேயே தங்கிவிடும். பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். காய்ச்சல், கோயில் கொடை, அக்கா கல்யாணம் என்று ஏதாவது சொல்வார்கள். நாங்களும் நம்பின மாதிரி இருப்போம். இந்தத் தடவை பஸ் வாடகையும் படகுக் கட்டணமும்தான். ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை, எல்லோரும் வந்தார்கள். ராத்திரிப் பயணம் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் அன்று தோன்றியது, இன்றும் பல சமயம் தோன்றுகிறது.

ஆனால் அவள் அம்மா பணம் சேர்த்து வைத்திருந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாசிக் காசு. பழந்துணியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியை மூச்சடக்கிக் கிள்ளி எடுக்கிற காசு. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவது என்று அந்தப் பெண்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காக. அந்தப் பன்னிரண்டு நாள் வருமானத்தில் மகளின் தீம் பார்க்குக்கு என்று ஒரு பங்கு ஒதுங்கியிருக்கிறது. முடியாதவர்களுக்காக என்று நான் எடுத்த முடிவு, எப்படியோ முடிந்தவள் ஒருத்தியின் முன்னால் போய் நின்றுவிட்டது.

சுற்றுலா நன்றாகவே நடந்தது. அப்போது பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோயிருந்தது, பக்கத்தில் புதுப் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. 1914-இல் திறந்த பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும், புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக ஏறும் என்று விளக்கினேன். எதிர்எடை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். கோஸ்டர் பாடத்துக்குக் கேட்டதைவிட நல்ல கேள்விகள். மண்டபத்தில் தாவரவியல் டீச்சர் பாசிகளைப் பற்றிப் பேசும்போது ஜெல்லி மாதிரி உறைய வைக்கிற அகரை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டார். அந்தப் பிள்ளைதான் பதில் சொன்னாள். மரிக்கொழுந்துல இருந்து அகர், கட்டக்கோரைல இருந்து ஆல்ஜினேட், 'பெப்சி பாசி'ன்னு சொல்றது வெளியில இருந்து வந்தது, அத மிதவை கட்டி வளக்குறாங்க என்று எல்லாம் சொன்னாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் முகத்தில் அது தெரியவில்லை, வருகைப் பதிவுக்குக் குரல் கொடுத்தது மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கூச்சமாக இருக்கலாம். நான்தான் அவள் முகத்தில் இல்லாததைப் படிக்கிறேனோ என்னவோ.

அதற்கு முன் தீவில் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். குருசடையில் இறங்கி, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றும்போது அவள் பக்கத்தில் நின்றவளிடம் சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க அம்மா இங்க எறங்கக் கூடாதுடி."

1986-இலிருந்து மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அவற்றைச் சுற்றிப் பாசி எடுக்கத் தடை உண்டு, அதனால் இந்தக் கரைப் பெண்கள் படும் பாடு கொஞ்சமில்லை. தடைக்கும் நியாயம் இருக்கிறது. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கு வெட்டி வெட்டியே கரைத்த கடல் இது, இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. இதை வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்று நாங்கள் டிக்கெட் வாங்கி இறங்கினோம். அவள் அம்மா பையோடு வந்தால் இறங்க முடியாத இடத்தில், அவள் எங்களோடு கட்டணம் கட்டி இறங்கி நின்றாள்.

டிக்கெட், வரிசை, லைஃப் ஜாக்கெட், இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தீம் பார்க்கை விட்டுவிட்டு நிஜ உலகத்தைக் காட்டுகிறேன் என்று கிளம்பியவன், அவள் வீட்டுக் கடலையே அவளுக்கு ஒரு பார்க்காக ஆக்கிக் காட்டினேனோ? எப்காட்டில் ஏரியைச் சுற்றி நிற்கும் நாடுகளில், மொராக்கோக்காரப் பிள்ளை ஒன்று மொராக்கோ வாசலில் டிக்கெட்டோடு நின்றால் என்ன நினைக்கும்? இது மிகையான எண்ணம் என்று சில நாள் தோன்றும். மற்ற பிள்ளைகள் அன்று தீவைப் பார்த்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. மண்டபத்திலேயே பிறந்து, குருசடையை ஒரு கோடாக மட்டுமே பார்த்திருந்த பையன் ஒருவன், தண்ணீருக்குள் பவளம் தெரிந்ததும் பேச்சு மறந்து குனிந்தே நின்றான். அவனுக்கு அது நிஜமாகவே பெரிய உலகம். அதை எப்படி இல்லை என்று சொல்வது?

ஆக யாருக்கு எது வெளியுலகம் என்பதை நான் முடிவு செய்ததுதான் என்னை உறுத்துகிறது. எனக்கு தீம் பார்க் சின்னதாகிப்போனது, நான் அதில் புரண்டு எழுந்த பிறகு. அலுப்பு வந்தது, அதன் பிறகுதான் காரங்காடு கண்ணில் பட்டது. அந்த அலுப்பை மட்டும் தனியாக எடுத்து இன்னொருத்தர் கையில் கொடுக்க முடியுமா? பந்தியில் சாப்பிட்டு எழுந்து வருகிறவன், வாசலில் காத்து நிற்பவனிடம் சாப்பாடு சுமார்தான் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதா அது? வாத்தியார் வேலையே தான் போன தூரத்தைச் சுருக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதானே என்றும் வாதாடிப் பார்க்கிறேன். நியூட்டன் விதியைப் பிள்ளைகள் ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்தா கற்கிறார்கள்? ஆனால் விதியைச் சொல்லிக் கொடுக்கலாம், ஆசை தீர்ந்ததைச் சொல்லிக் கொடுக்க வழி தெரியவில்லை.

அதற்கடுத்த வருடங்களிலும் சுற்றுலா கரையோரத்தில்தான் நடந்தது. இந்த வருடம் மேடம் மறுபடி கேட்டிருக்கிறார். வகுப்பில் கை தூக்கச் சொன்னேன், முக்கால்வாசிக் கைகள் தீம் பார்க்குக்கு. பணம் கட்ட முடியாத பிள்ளைகள் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. இன்னும் நான் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது சென்னையில் நர்சிங் படிக்கிறாள். போன மாதம் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். விடுதித் தோழிகளோடு தீம் பார்க் வாசலில், முழுக்க நனைந்து நிற்கிறார்கள். "சார், லூப்ல போனோம்" என்று கீழே. சலித்ததா என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை, ஆனாலும் கேட்டேன்.

"இல்ல சார். சூப்பரா இருந்துச்சு. தீபாவளி முடிஞ்சு வந்ததும் திரும்பப் போறோம்."

அடுத்த தடவை கடைசிப் பெட்டியில் உட்காரச் சொன்னேன். முன் பெட்டி உச்சியைத் தாண்டும்போது வண்டி மெதுவாகத்தான் போகும், கடைசிப் பெட்டி வந்து சேர்வதற்குள் முன்னால் இருக்கிற பாரம் முழுவதும் இறங்க ஆரம்பித்திருக்கும், அதனால் அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போகும், உடம்பு சீட்டை விட்டு எழும்பும், கம்பியை நன்றாகப் பிடித்துக்கொள் என்று நீளமாக எழுதி அனுப்பினேன். "ஓகே சார், முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்று பதில் வந்தது.