கம்பளத்துக்குக் கீழே

நம் ஊரில் சர்வே என்றால் நிலத்தை அளந்து கல் நடுவது. இங்கே லண்டனில், வீடு வாங்குமுன் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து எங்கெங்கே கோளாறு என்று எழுதித் தருவதற்கு அந்தப் பெயர். எழுதித் தந்தார். கோளாறுதான் அதில் இல்லை.

ஈஸ்ட் ஹாமில் இருக்கும் எங்கள் வீடு 1900களின் தொடக்கத்தில் கட்டிய வரிசை வீடு. 2021ல் 4,65,000 பவுண்டுக்குப் பேசி முடித்தோம். அந்த வருடம் ஜூன் 30க்குள் கைமாறினால் 5 லட்சம் பவுண்டு வரை முத்திரை வரி கிடையாது. தேதி தாண்டினால் எங்களுக்கு 8,250 பவுண்டு. ஊரே அந்தத் தேதியைத் துரத்திக்கொண்டு ஓடியது, நாங்களும் ஓடினோம். சர்வேயில் மூன்று நிலைகள் உண்டு. இத்தனை பழைய வீட்டுக்கு மூன்றாம் நிலைதான் சரி. அதற்கு ஆள் கிடைக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். இரண்டாம் நிலை உடனே கிடைத்தது, 520 பவுண்டு. அதை எடுத்தது எங்கள் தப்பு, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அறிக்கை 38 பக்கம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். குளியலறை மின்விசிறி சத்தம் போடுகிறது என்பதுகூட இருந்தது. பின் அறைத் தரைக்கு மட்டும் ஒரே வரி: 'கம்பளம் ஒட்டப்பட்டிருந்ததால் பார்க்க இயலவில்லை.' அந்த வரியை நான் படித்தேன், இவரும் படித்தார். கம்பளம் நல்ல கம்பளம் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

முதல் குளிர்காலத்தில் அந்த அறையில் ஒரு வாடை. மழையில் நனைந்த கோணிச் சாக்கை மூலையில் போட்டு மறந்தால் வருமே, அது. பீரோவை நகர்த்தும்போது கால் லேசாக உள்ளே போனது. ஒரு மூலையில் கம்பளத்தை உரித்தோம். பலகை கறுத்துக் கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், பலகையைத் தாங்கும் சட்டங்களின் நுனி சுவருக்குள் போகும் இடத்தில் சின்னச் சின்னக் கட்டமாக வெடித்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். ஊறவைத்த ரஸ்கில் குத்தினதுபோல் பிடி வரைக்கும் இறங்கியது.

அன்று இரவே அப்பாவுக்கு வீடியோ கால். அப்பா பாளையங்கோட்டையில் நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். தரையைக் காட்டினேன், அதை விட்டுவிட்டு "வெளிய போயி சுவர காட்டும்மா" என்றார். கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே போனேன். "தட்டு." தட்டினேன். "இன்னும் கீழ." டொப் டொப்பென்று பொத்தல் சத்தம். "சுண்ணாம்புச் சுவத்துக்கு வெளிய சிமெண்ட பூசிட்டாவ. ஈரம் எங்கிட்டுப் போகும்? உள்ளதான் வரும்" என்றார். பிறகு அடியில் டார்ச் அடிக்கச் சொன்னார். இந்த வீடுகளில் மரத்தரைக்குக் கீழே காற்று ஓட, சுவரின் அடியில் ஓட்டை வைத்த செங்கல் பதித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அதைக் காணோம். முன்பு இருந்தவர்கள் பின்புறம் கான்கிரீட் தளம் போட்டு, அந்தச் செங்கல்களுக்கு மேலேயே ஏற்றிவிட்டிருந்தார்கள். ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்குக்கு 15 சென்டிமீட்டராவது கீழே மண்மட்டம் இருக்கவேண்டும் என்பது இங்கே பொதுவான கணக்கு. எங்கள் தளம் அந்த அடுக்கையே மூடியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். உள்ளே கம்பளம் இருந்தது, சரி. வெளியே கம்பளம் இல்லையே! ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு ஃபோனில் அப்பா பிடித்ததை, நேரில் வந்து நின்றவர் பார்க்கவில்லை.

செலவு: சட்டமும் பலகையும் மாற்ற 4,900 பவுண்டு, சிமெண்டைக் கொத்திச் சுண்ணாம்பு பூச 5,600, தளத்தை இறக்கிக் காற்று வழி திறக்க 1,200. ஆக 11,700. அப்பா எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். மனதுக்குள் நூற்றால் பெருக்கியிருப்பார், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

சர்வே செய்த நிறுவனத்துக்குப் புகார் எழுதினோம். எட்டு வாரம் கழித்து, 'கம்பளம் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறோம்' என்று பதில். இன்னொரு சர்வேயரை 600 பவுண்டு கொடுத்துக் கூட்டிவந்தோம். அவர் சொல்லித்தான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. நிறுவனத்தின் கவனக்குறைவு நிரூபணமானாலும் ரிப்பேர் செலவு கிடைக்காது. கோளாறு தெரிந்திருந்தால் வீடு என்ன விலைக்குப் போயிருக்குமோ, அதற்கும் நாம் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் நஷ்டக் கணக்கு. 1991ல் வாட்ஸ் தம்பதி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது. அவர்கள் ஒரு பண்ணை வீட்டை 1,77,500 பவுண்டுக்கு வாங்கி, ரிப்பேருக்கு 33,961 பவுண்டு செலவழித்தார்கள். கீழ் நீதிமன்றம் அந்த முழுத் தொகையையும் கொடுக்கச் சொன்னது. மேலே போனதும் விலை வித்தியாசம் 15,000 மட்டும் என்று ஆனது. மன உளைச்சலுக்கு ஆளுக்கு 4,000 என்று இருந்ததையும் 750 ஆக்கிவிட்டார்கள். உளைச்சலுக்கு என்ன அளவுகோல் வைத்தார்களோ.

எங்கள் வீட்டுக்கு அந்த வித்தியாசம் 5,000 என்று புது சர்வேயர் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் நிறுவனம் 2,500 தருவதாகச் சொன்னது, தவறை ஒப்புக்கொள்ளாமல். இன்னொரு கடிதத்துக்கு 4,000. இவர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். எனக்குத் தெம்பில்லை, கையெழுத்துப் போட்டேன். மிச்சம் எங்கள் சேமிப்பிலிருந்து போனது. முத்திரை வரியில் மிச்சம் பிடித்த 8,250 என்ன ஆனது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

போன வாரம் வீடியோவில் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பா நடுவில் நிறுத்தினார். "அந்த ஓட்டச் செங்கலுக்கு முன்னால என்ன தொட்டி?"

வெந்தயக்கீரை. நகர்த்திவிட்டேன்.