காப்புரிமைக்கு 7 மதிப்பெண்

பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் நண்பர் ஒருவருக்கு உதவுவதற்காக, பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பதவி உயர்வுக்கு வகுத்த 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளைச் சென்ற வாரம் புரட்டினேன். அறிவியல் துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 8 மதிப்பெண்; இதழின் தாக்கக் காரணியைப் (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவை) பொறுத்து அது 30 வரை உயரும். பன்னாட்டுக் காப்புரிமைக்கு 10, இந்தியக் காப்புரிமைக்கோ 7 மட்டுமே.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கண்டுபிடிப்பைக் கட்டுரையாக முதலில் வெளியிட்டுவிட்டால், சில விலக்குகள் தவிர, அதன் புதுமை போய்விட்டதாகவே சட்டம் கொள்ளும். ஆகவே காப்புரிமையை நாடும் ஆய்வாளர், அதற்கு விண்ணப்பிக்கும்வரை, 30 வரை ஈட்டித் தரக்கூடிய கட்டுரையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு 7-க்காகக் காத்திருக்க வேண்டும். அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-இல் கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணம் 80 விழுக்காடு குறைக்கப்பட்டது. ஆனால் கட்டணம் குறைந்ததும் விண்ணப்பங்களின் எண்ணிக்கையைக் காட்டுவதிலேயே பல கல்லூரிகள் முனைந்துவிட்டன. 18 மாதங்களில் காப்புரிமை அலுவலகம் இயல்பாகவே செய்யும் விண்ணப்ப வெளியீட்டுக்கே பதாகை கட்டுகிறார்கள். காப்புரிமை வழங்கப்பட்டதா என்று எவரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் ஹாரி ஸ்டீன்பாக் எனக்கு நினைவுக்கு வருகிறார். புறஊதாக் கதிர் பட்ட உணவில் வைட்டமின் டி பெருகுவதைக் கண்டறிந்த அவர், தம் சொந்தப் பணத்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பெருந்தொகை தர முன்வந்த உணவு நிறுவனத்துக்கு அதை விற்கவும் மறுத்தார். அக்காப்புரிமையை நிர்வகித்து, வருவாயை ஆய்வுக்கே திருப்புவதற்காக 1925-இல் தனி அறக்கட்டளை ஒன்று உருவானது. (எலி மருந்தாகத் தொடங்கி இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரின், அந்த அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயருடைய முதலெழுத்துகளைத்தான் இன்றும் சுமக்கிறது.) கண்டுபிடித்தவருக்குப் பொன்னாடை போர்த்துவதைக் காட்டிலும், உரிமம் வழங்குவதையும் வழக்கைக் கவனிப்பதையும் ஏற்றுக்கொள்ள ஓர் அமைப்பு இருப்பதே அவரை மீண்டும் ஆய்வகத்துக்கு அனுப்பும் என்று நான் கருதுகிறேன்.

காப்புரிமைக்கு மதிப்பெண்ணைக் கூட்டினால் மட்டும் போதாது. உரிமம் பெற்று எவரேனும் அதைப் பயன்படுத்துகிறாரா என்பதும் கணக்கில் வர வேண்டும்; இல்லையேல் வெற்று விண்ணப்பங்களே இன்னும் குவியும்.

நண்பரிடம் இருப்பது ஒரே ஒரு இந்தியக் காப்புரிமை. விண்ணப்பம் தயாராகும்வரை அவர் தம் கட்டுரையை 11 மாதங்கள் நிறுத்திவைத்திருந்தார். அதற்குள் வேறொரு குழு ஏறத்தாழ அதே முடிவை வெளியிட்டுவிட்டது. உரிய கட்டத்தில் 7 என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.