தன்னாட்சி என்ற பெயரில் கட்டண உயர்வு

வளரும் நாடுகளில் பல்கலைக்கழகத் தன்னாட்சி பற்றிப் பேசுவோர் இந்தோனேசியாவின் அனுபவத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது. அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி 1998-இல் வீழ்ந்த பின், 1999-ஆம் ஆண்டு அரசு விதிமுறையின் அடிப்படையில் இந்தோனேசியப் பல்கலைக்கழகம், காஜா மாடா பல்கலைக்கழகம், பாண்டுங் தொழில்நுட்பக் கழகம், போகோர் வேளாண் கழகம் ஆகியவை தனிச் சட்ட ஆளுமை, அதாவது அரசுத் துறையின் பகுதியாக அன்றித் தம் பெயரிலேயே இயங்கும் சட்டத் தகுதி, பெற்றன. கல்வி நிறுவனங்கள் அனைத்தையும் அவ்வாறு மாற்ற முயன்ற 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தை மறு ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆயினும் 2012-இன் உயர்கல்விச் சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வழியை மீண்டும் திறந்துவிட்டது.

புதிய பாடப்பிரிவு தொடங்கவும், பணியாளரை நியமிக்கவும், வருவாயைத் தாமே கையாளவும் உரிமை கிடைத்தது உண்மைதான். ஆனால் துணைவேந்தருக்கு நிகரான ரெக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அமைச்சரின் கையில் 35 விழுக்காடு வாக்கு இருக்கிறது. போட்டி நெருக்கமாக இருந்தால், அவர் சாயும் பக்கமே வெற்றியும் சாயும். இதைத் தன்னாட்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பணத்தில் மட்டும் அரசு தாராளமாகவே விலகி நிற்கிறது. ஒதுக்கீடு போதாதபோது நிர்வாகம் கை வைப்பது மாணவர் கட்டணத்தில்தான். 2024-இல் கட்டணங்கள் கடுமையாக உயர்ந்து, மாணவர்கள் போராடிய பிறகே அமைச்சகம் அவ்வாண்டு உயர்வை ரத்து செய்தது. கட்டணத்தைத் தீர்மானிக்கும் உரிமையைக் கொடுக்கும் சட்டம், மாணவர் எண்ணிக்கைக்கேற்ற அரசு மானியத்தையும் கட்டாயமாக்கியிருக்க வேண்டும்.