மகளின் அரசியல் அறிவியல் படிப்பும் எங்கள் கடன் கணக்கும்

"அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?" மகள் அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்று சொன்ன அன்று நான் கேட்ட முதல் கேள்வி இது. பதினேழு வயதுப் பெண்ணிடம் அதற்குப் பதில் இருக்காது. தேடிக் கொடுக்க வேண்டியவள் நான் என்று புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின.

கணவருக்கு அமெரிக்காவில் வேலை பார்க்கும் எச்1பி விசா, எனக்கு அவர் மனைவி என்ற முறையில் எச்4. மகள் பிறந்தது அமெரிக்காவில், அதனால் அவள் குடிமகள். 2024 டிசம்பரில், கல்லூரிப் படிப்புக்கு அரசின் நிதி உதவி கேட்கும் ஃபாஃப்சா படிவம் நிரப்ப உட்கார்ந்தபோது எங்கள் விசா குறுக்கே நிற்குமோ என்று பயந்தோம். நிற்கவில்லை. மாணவருக்கான ஃபெடரல் கடன், அதாவது அமெரிக்க மத்திய அரசு தரும் கடன், அவள் தகுதியைப் பொறுத்தது. பெற்றோர் பெயரில் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடன்தான் எங்களுக்குக் கிடையாது. அதற்குப் பெற்றோரில் ஒருவருக்குக் கிரீன் கார்டாவது வேண்டும்.

மார்ச் கடைசியில் மூன்று கல்லூரிகளிலிருந்து கடிதம் வந்தது. அவள் ஆசைப்பட்ட தனியார் கல்லூரியின் கடிதத்தில் 'நிதி உதவி' என்ற தலைப்பில் பெரிய தொகை. வீடே துள்ளியது. மறுநாள் நிதானமாக வரி வரியாகப் படித்தால், அந்தக் கூட்டுத்தொகைக்குள் கடனும் இருந்தது, கல்லூரி வளாகத்தில் அவளே வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய பணமும் இருந்தது. திருப்பிக் கட்ட வேண்டிய பணத்தை உதவி என்று எழுதியிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மகளிடம் சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். மூன்று கடிதத்திலும் அந்த இரண்டு வரிகளை அடித்துவிட்டு மறுபடி கூட்டினாள். தனியார் கல்லூரிக்கு, எங்கள் சேமிப்பு போக, ஆண்டுக்கு 25,000 டாலர் துண்டு விழுந்தது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அவள் பெயரிலான ஃபெடரல் கடனே போதும்.

பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு அந்தக் கடனில் உச்சவரம்பு உண்டு: முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 27,000 டாலர். அப்போதிருந்த 6.53 சதவீத வட்டியில் பத்து ஆண்டில் அடைத்தால் மாதம் 307 டாலர் அளவில் வரும். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி தனி.

அந்த 25,000க்கு என்ன வழி? அண்ணன் இங்கே குடிமகன். "தனியார் கடன் வாங்கு, நான் ஜாமீன் கையெழுத்துப் போடறேன்" என்றார். பெரிய மனசு. ஆனால் நான்கு ஆண்டில் அது 1 லட்சம் டாலர். 9 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 1,267 டாலர், அதுவும் படிக்கும்போதே ஓடும் வட்டியைச் சேர்க்காமல்.

இனி சம்பளப் பக்கம். அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில், ஒரு கல்லூரியில் குறிப்பிட்ட பாடம் படித்தவர்கள் பிறகு எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று பார்க்கலாம். கல்லூரியின் மொத்த சராசரியைப் பார்க்காதீர்கள். அதில் கணினிப் பொறியாளர்களும் சேர்ந்திருப்பார்கள். பாடத்தின் வரியைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஃபெடரல் உதவி பெற்று, வேலையில் இருப்பவர்களின் கணக்கு மட்டுமே அதில் வரும். சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் வரமாட்டார்கள். அரசியல் அறிவியல் முடித்துச் சட்டம் படிக்கப் போகிறவர்கள் நிறைய என்பதால் இது சின்ன விஷயமல்ல. நாங்கள் ஒப்பிட்ட கல்லூரிகளுக்குள் சம்பள வித்தியாசம், கடன் வித்தியாசத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

மகளுக்குப் பிடித்த வேலைகளைப் பட்டியல் போடச் சொன்னேன். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம், வாக்குரிமைக்காக உழைக்கும் தொண்டு நிறுவனம், நகராட்சி. ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு 40,000 என்று வைத்தோம். இரண்டு கடனும் இருந்தால் வருடத்துக்கு 18,888 டாலர் தவணைக்கே போகும். வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி! ஃபெடரல் கடன் மட்டும் என்றால் 3,684.

அவள் அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இந்தக் கடனை வாங்கினா நான் எதுக்காக இதைப் படிக்கிறேனோ அந்த வேலைக்கே போக முடியாதுல்ல?" என்றாள். ஆமாம் கண்ணு என்று சொல்லும்போது என் குரல் உடைந்தது. அந்தக் கல்லூரியின் பெயர் போட்ட சட்டையை அவள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள்.

பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி பற்றியும் விசாரித்தோம். 2007இல் வந்த திட்டம். அரசிலோ தகுதியுள்ள தொண்டு நிறுவனத்திலோ முழுநேர வேலை பார்த்தபடி 120 தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி. அவளுக்கு இது நிச்சயம் உதவலாம். ஆனால் ஃபெடரல் நேரடிக் கடனுக்கு மட்டும்தான். அண்ணன் கையெழுத்துப் போடும் தனியார் கடனில் ஒரு டாலர்கூடக் குறையாது. என் முடிவை உறுதி செய்தது இதுதான்.

மே 1க்கு முன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டினோம். மகளே அண்ணனுக்கு ஃபோன் போட்டு, "மாமா, கையெழுத்து வேண்டாம், லீவுக்கு மட்டும் வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

கோடையில் கடன் ஏற்பு பக்கம் திறந்தது. கொடுக்கும் தொகை முழுவதையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை, குறைத்துக்கொள்ளலாம். 5,500இல் 3,500 மட்டும் படிக்கும் காலத்தில் அரசே வட்டி ஏற்கும் கடன். அவள் அதை மட்டும் ஏற்றுக்கொண்டு, மீதி 2,000க்கு எதிரே 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். அன்று சாயங்காலமே நூலக வேலைக்கு விண்ணப்பம் போட்டாள்.