விதைப்பந்துக்குள் வேப்பங்கொட்டை வேண்டாம்

இலுப்பை பழுக்கும் ஆனி, ஆடியில், அந்த மரத்தடியை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கும் வேறு மரங்களுக்கு அடியில் காலையில் பாருங்கள். பளபளவென்று பழுப்பு நிறத்தில் கொட்டைகள் கிடக்கும். பக்கத்திலேயே மென்று துப்பிய சக்கை, பல் அழுத்திய தடத்தோடு உருண்டையாகக் காய்ந்திருக்கும். பழந்தின்னி வௌவாலின் வேலை அது. ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு கிளைக்குப் போய், தொங்கியபடியே சாற்றை உறிஞ்சிவிட்டு மிச்சத்தைக் கீழே போடும்.

ஒரே ராத்திரியில் அந்த விதைக்குத் தேவையான எல்லாம் நடந்துவிடுகிறது. தாய்மரத்து நிழலையும், அங்கே கூடும் பூச்சியையும் பூஞ்சையையும் விட்டு அது வெளியே வந்துவிட்டது. புளித்துப்போய் முளையைக் கெடுக்கும் சதை போய்விட்டது. காய்வதற்குள் மண்ணையும் தொட்டுவிட்டது. மழை ஈரம் இருந்தால் அங்கேயே முளைக்கும்.

வேம்புக்குக் காக்கை, மைனா, குயில், வௌவால் எல்லாமே உதவுகின்றன. காக்கை பழத்தை விழுங்கி, கொட்டையை மட்டும் சுத்தமாகக் கக்கிவிடும். வேலியில் கள்ளிக்கும் முள்ளுக்கும் நடுவே யாரும் நடாத வேப்பங்கன்று எப்படி வந்தது என்றால், அந்த முள்மேல் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. ஆடு வாய் வைக்க முடியாத இடம் என்பதால் கன்றும் பிழைத்துக்கொள்கிறது.

வேம்பு, இலுப்பை, நாவல், பலா இவற்றின் விதைகள் காத்திருக்கிற ஜாதி இல்லை. வேப்பங்கொட்டைக்கு உயிர் இரண்டு மூன்று வாரம், நாவலுக்கு அதைவிடவும் குறைவு. இவற்றைக் களிமண்ணில் விதைப்பந்தாக உருட்டி, வெயிலில் காயவைத்து, அடுத்த மழைக்கு வீசலாம் என்று மூட்டை கட்டி வைப்பதைப் பார்த்தால் மனது வலிக்கிறது. பந்து உருட்டும் பிள்ளைகளின் உழைப்பு உண்மையானது. உள்ளே இருக்கும் விதைதான் பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். சந்தேகம் இருந்தால் நாலு வேப்பங்கொட்டையை உடைத்துப் பாருங்கள். பருப்பு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் விதைத்துப் பயனில்லை.

காத்திருக்கும் விதை கருவேலத்துடையது. நெற்றைத் தின்ற ஆடு ராத்திரி கிடையில் அசைபோடும்போது விதையைத் துப்பும். மீதி புழுக்கையோடு வெளியேறும். ஆட்டின் வயிற்றுக்குள் கெட்டித் தோல் கொஞ்சம் இளகியிருப்பதால், கிடையில் பொறுக்கிய விதை, நெற்றிலிருந்து எடுத்ததைவிட நன்றாக முளைக்கும். விதைப்பந்துக்கு ஏற்றது இந்த மாதிரி விதைதான். சீமைக்கருவேலம் ஊரெல்லாம் பரவியதும் இதே ஆடுமாடுகள் வழியாகத்தான், அதையும் மறக்கக் கூடாது.

வேம்பை வளர்க்க வேண்டுமென்றால் காக்கை செய்வதை அப்படியே செய்யுங்கள். மஞ்சளாகப் பழுத்ததை அன்றன்றே பொறுக்கி, தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்து சதையை நீக்குங்கள். மிதப்பதைக் கொட்டிவிடுங்கள். நிழலில் இரண்டு நாள் உலர்த்தினால் போதும். சிமெண்ட் தரையில் வெயிலில் பரப்பினால் வெந்துவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும், சாக்குத்துணி போதும். அந்த வாரமே, விரல் நுனி அளவு ஆழத்தில், கொட்டையைப் படுக்கவைத்து மூடுங்கள்.

நாவலுக்கும் இதே முறைதான். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். திடமானதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.

ஆலுக்கு மட்டும் வேறு வழி. கடுகைவிடச் சிறிய அந்த விதை, பறவை எச்சத்தோடு பனைமட்டை இடுக்கில் விழுந்து, அங்கே சேர்ந்த மக்கில் வெளிச்சத்தில் முளைப்பது. அதனால் மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. பழத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, செங்கல் பொடியும் மணலும் கலந்த தொட்டியின் மேல் தூவிவிட்டு, தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் தொட்டியின் அடியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து உறிஞ்சவிடுங்கள். ஊற்றினால் விதை ஓரத்தில் ஒதுங்கிவிடும்.